ஒரே ஆள், பல வரிசை: குமரி மாவட்டத்தில் மனநல உதவிக்குத் துணை போகிறவர்களுக்கு

குமரி மாவட்டத்தில் மனம் உடைந்து கிடக்கும் ஒரு குடும்பத்துக்குத் துணையாக இப்போதுதான் இறங்கியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். நீங்கள் சமூகப்பணி படிக்கிற மாணவராக இருக்கலாம். பங்கில் உள்ள குடும்பங்களின் சிறு குழுவான அன்பியத்திலோ, சுய உதவிக்குழுவிலோ பொறுப்பில் இருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரராகவும் இருக்கலாம். யாராக இருந்தாலும், எங்கே தொடங்குவது, எந்தத் தாளை முதலில் வாங்குவது, எந்த அலுவலகத்துக்கு எப்போது போவது என்று சொல்லித்தர ஆள் இல்லாமல் நான் அலைந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

ஒரு குடும்பத்தை மட்டும் எடுத்துச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். விளவங்கோடு பக்கம் உள்ளூரில் (கடற்கரை அல்லாத ஊரில்) ஓர் அக்கா, அண்டி ஆபீஸ் என்று சொல்லும் முந்திரி ஆலையில் முந்திரி உடைக்கிறார். அவருடைய கணவர் தேங்காய்ப்பட்டணத்திலிருந்து விசைப்படகில் கூலிக்குப் போனவர், கடலில் காணாமல் போய்விட்டார். உடல் கிடைக்கவில்லை. மகளுக்கு அறிவுசார் குறைபாடு. அக்காவுக்கு மாதக்கணக்கில் உறக்கம் இல்லை. நெஞ்சு அடைக்கிறது என்று போன இடமெல்லாம் இ.சி.ஜி. எடுத்து, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

இவரை எந்த வரிசையில் நிறுத்துவது? கணவர் கடற்கரைக்காரர் அல்ல, மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் பெயர் இல்லை. ஆகவே மீனவர் குடும்பம் ஆகாது. இறப்புச் சான்று இல்லை, ஆகவே விதவை ஆகாது. கணவர் விட்டுப் போகவில்லை, ஆகவே கைவிடப்பட்டவரும் ஆகாது. குடும்பம் தலித் கிறிஸ்தவர்கள். தமிழ்நாட்டில் பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவத்துக்கு மாறியவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவதால் ஆதிதிராவிடர் நலத்துறையின் பல கதவுகளும் திறக்காது. பெண், கூலி, சாதி, மதம், மகளின் குறைபாடு எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் இந்த இடத்தைத்தான் சமூக உளவியலில் இன்டர்செக்‌ஷனாலிட்டி என்கிறார்கள். அலுவலகம் ஒரு நேரத்தில் ஒரு முகத்தைத்தான் பார்க்கும். எல்லா முகத்தையும் சேர்த்துப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளாக இருப்பதுதான் உங்கள் வேலை.

1. முதல் சந்திப்பு: படிவத்தை வெளியே எடுக்காதீர்கள்

போகிற நேரத்தைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். ரப்பர் பால் வெட்டுக்காரர் வீட்டுக்கு விடியற்காலையில் போனால் ஆள் தோட்டத்தில் இருப்பார்; மதியத்துக்கு மேல் போங்கள். அண்டி ஆபீஸ் பெண்களை மாலை ஐந்தரைக்கு மேல்தான் பார்க்க முடியும். மேற்குக் கடற்கரை ஊர்களில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். ஆண்கள் கரையில் இருப்பார்கள், கையில் காசு இருக்காது. வீட்டுச் சண்டையும் குடியும் கூடுகிற மாதங்கள் அவை. அப்போது பெண்களிடம் தனியாகப் பேச இடம் கிடைக்காது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

நவம்பர் 30 ஒக்கிப் புயலின் நினைவு, டிசம்பர் 26 சுனாமியின் நினைவு. இந்த இரண்டு தேதிகளையும் ஒட்டி, கடற்கரை ஊர்களில் பலருக்கு உறக்கம் கெடும். 2004இல் பிள்ளையையும் 2017இல் கணவரையும் இழந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். அந்த வாரங்களில் போய் உட்காருங்கள், ஆனால் படிவம் நிரப்பும் வேலையை ஜனவரிக்குத் தள்ளிவிடுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேட்டில் மூன்று வேலைகள்தான் இருக்கின்றன: பார், கேள், இணை. நடந்ததை முழுசாகச் சொல்லச் சொல்லி வற்புறுத்துவது அதில் இல்லை. “அண்ணைக்கு என்ன நடந்தது?” என்று தோண்டாதீர்கள். “ராத்திரி உறங்குறீங்களா? சாப்பாடு இறங்குதா? யாரு கூட இருக்கா?” என்பது போதும். அந்த அக்கா என்னிடம் முதலில் சொன்னது, “எனக்கு ஒண்ணும் இல்ல மக்களே, பிள்ளைக்கு ஒரு வழி சொல்லு” என்பதுதான். சரி, பிள்ளையிலிருந்தே தொடங்கலாம். தனக்கென்று கேட்க இவர்களுக்கு வாய் வராது.

2. அவசரம் இருக்கிறதா என்று பாருங்கள்

“சாகணும்போலத் தோணுதா?” என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. கேட்க ஓர் ஆள் வந்தாரே என்ற ஆறுதல்தான் வரும். ஆம் என்றால் அன்று அவரைத் தனியே விடாதீர்கள். வீட்டில் பூச்சிமருந்து இருக்கிறதா, ரப்பர் ஷீட் அடிக்கிற வீடானால் பால் உறையவைக்கும் ஆசிட் எங்கே இருக்கிறது என்று பார்த்து, வேறொருவர் பொறுப்பில் பூட்டிவைக்கச் சொல்லுங்கள். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அவசரப் பிரிவு 24 மணி நேரமும் உண்டு, ஆம்புலன்சுக்கு 108.

போனில் பேச 14416. ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் நடக்கும் இலவச மனநல சேவை இது, 24 மணி நேரமும் இயங்குகிறது. தேசிய அளவில் இந்தச் சேவை 20 மொழிகளில் கிடைப்பதால், ரப்பர் தோட்டத்திலும் கட்டட வேலையிலும் இருக்கும் வடமாநிலத் தொழிலாளிக்கும் இதே எண்ணைத் தரலாம். வீட்டில் அடி உதை என்றால் 181, குழந்தை சம்பந்தப்பட்டிருந்தால் 1098, முதியவருக்கு 14567.

தற்கொலைக்கு முயன்றவரை மருத்துவமனைக்குக் கொண்டு போனால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து பல குடும்பங்கள் மறைக்கின்றன. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 115இன்படி அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை. இதை வீட்டாரிடம் இரண்டு முறை சொல்லுங்கள், முதல் முறை காதில் ஏறாது.

3. ஒரே தாளில் எல்லா முகத்தையும் எழுதுங்கள்

வீட்டுக்கு வந்த பிறகு, நினைவிலிருந்து ஒரு பக்கம் எழுதுங்கள். நடுவில் அந்த ஆள். சுற்றிலும் பால், வயது, தொழில், சாதி, மதம், மொழி, உடல்நலம், குறைபாடு, திருமண நிலை, வீடு யார் பெயரில், கடன் யாரிடம். அப்புறம் ஒவ்வொன்றையும் இன்னொன்றோடு கோடிட்டுப் பாருங்கள்.

எலிசபெத் கோல் என்ற உளவியலாளர் 2009இல் ஆய்வாளர்களுக்கென்று மூன்று கேள்விகள் வைத்தார். களத்துக்கும் அவை அப்படியே பொருந்துகின்றன. ஒன்று, இந்தப் பிரிவுக்குள் யாரையெல்லாம் சேர்த்திருக்கிறோம், யார் விடுபட்டார்கள்? இரண்டு, ஏற்றத்தாழ்வு இங்கே என்ன வேலை செய்கிறது? மூன்று, வேறு வேறு மாதிரித் தெரிகிறவர்களுக்குள் எது பொது?

முதல் கேள்வியை ‘மீனவர் குடும்பம்’ என்ற பிரிவில் வைத்துப் பார்த்தாலே உள்ளூர்க் கூலியாளின் மனைவி வெளியே நிற்பது தெரிந்துவிடும். இரண்டாவது கேள்வி, அக்காவின் உறக்கமின்மையை அவருடைய ‘மனசு பலவீனம்’ என்று எழுதிவிடாமல் காக்கும். வட்டிக்காரர் வாராவாரம் வாசலில் நிற்கும்போது யாருக்கும் உறக்கம் வராது. மூன்றாவது கேள்வியால் எனக்குக் கிடைத்த பலன் பெரிது. பேச்சிப்பாறை மேலே காணிப் பழங்குடியினர் குடியிருப்பில் குறைபாடுள்ள பிள்ளையை வைத்திருக்கும் தாய்க்கும், தூத்தூர் பக்கக் கடற்கரைத் தாய்க்கும், இந்த அக்காவுக்கும் ஒரே முடிச்சுதான்: பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் மூன்று பேரும் தங்கள் சிகிச்சைக்குப் போவதில்லை. பிள்ளையை ஒரு நாள் வைத்துக்கொள்ள ஆள் ஏற்பாடு செய்தால் பாதி வேலை முடிந்தது.

இந்தத் தாளை எந்த அலுவலகத்திலும் காட்டக் கூடாது. வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பவும் கூடாது.

4. கோப்பு: இங்கேதான் எல்லாரும் சறுக்குகிறார்கள்

பிளாஸ்டிக் கவர் ஒன்று வாங்குங்கள். உள்ளே அசல், தனியாக மூன்று செட் நகல்.

ஆதாரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். முந்திரித் தோட்டின் எண்ணெய் பட்டுப் பட்டு, அண்டி ஆபீஸ் பெண்களின் விரல் நுனி கறுத்துத் தோல் உரிந்திருக்கும். ரேகை இயந்திரத்தில் விழாது. கருவிழி மூலம் அல்லது ஓ.டி.பி. மூலம் செய்யலாம். ஓ.டி.பி. எங்கே போகும்? அக்காவின் ஆதாரில் இருந்தது கணவரின் எண். அந்தப் போனும் கடலோடு போயிற்று. ஆகவே வேறு எந்த மனுவுக்கும் முன்னால் ஆதார் மையத்தில் கைபேசி எண்ணை மாற்றுங்கள். நேரில் போய்ச் செய்யுங்கள். 2025 அக்டோபரிலிருந்து இதற்குக் கட்டணம் 75 ரூபாய். மாற்றிய எண் அவர் கையிலேயே இருக்கும் எண்ணாக இருக்கட்டும். மைத்துனர் எண்ணையோ உங்கள் எண்ணையோ கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

அடுத்தது பெயர். ரேஷன் அட்டையில் ஒரு பெயர், ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளிச் சான்றில் இன்னொன்று என்பது குமரியில் சாதாரணம். மலையாள வழிப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தலைப்பெழுத்தும் மாறியிருக்கும். எந்தப் பெயர் ஆதாரில் இருக்கிறதோ அதையே எல்லா மனுவிலும் ஓர் எழுத்து பிசகாமல் எழுதுங்கள்.

கோப்பில் இருக்க வேண்டியவை: ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், சாதிச் சான்று, வருமானச் சான்று, திருமணப் பதிவு அல்லது ஆலயத் திருமணச் சான்று, பிள்ளையின் பிறப்புச் சான்று, பாஸ்போர்ட் அளவுப் படங்கள். காணி மக்களுக்கு ஒரு தனிக் குறிப்பு: பழங்குடியினர் சாதிச் சான்று தருவது தாசில்தார் அல்ல, ஆர்.டி.ஓ. என்னும் வருவாய்க் கோட்டாட்சியர். நாகர்கோவில், பத்மநாபபுரம் என்று இரண்டு கோட்டங்கள் இருக்கின்றன. உங்கள் தாலுகா எதில் வருகிறது என்று பார்த்துப் போங்கள்.

பழைய மருத்துவச் சீட்டுகள்! குப்பை என்று எதையும் எறியாதீர்கள். மனநோய்க்கு மாற்றுத்திறன் சதவீதம் கணக்கிடும்போது தன்னைப் பேணுதல், பிறரோடு பழகுதல், பேச்சும் புரிதலும், வேலை என்ற நான்கோடு, நோய் எத்தனை ஆண்டாக இருக்கிறது என்பதற்கும் மதிப்பெண் உண்டு. பத்து வருடத்துக்கு முந்தைய ஓ.பி. சீட்டு அங்கே பேசும். திருவனந்தபுரத்தில் பார்த்த சீட்டும் செல்லும். ஊளம்பாறையில் இருக்கும் பேரூர்க்கடை மனநல மருத்துவமனைச் சீட்டைப் பலர் கிழித்துப் போட்டிருப்பார்கள். “ஊளம்பாறைக்குப் போனவ” என்று ஊர் சொல்லும் சொல்லுக்குப் பயம். அப்படியானால் அந்த மருத்துவமனையிலேயே பதிவேட்டின் நகல் கேட்கலாம். தன் மருத்துவப் பதிவுகளைப் பெறுவது 2017 சட்டத்தின் பிரிவு 25 தரும் உரிமை.

5. மருத்துவமனை நாள்

முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். மாவட்ட மனநலத் திட்டக் குழு வட்டார அளவில் வரும் நாள் கிராம சுகாதார செவிலியருக்குத் தெரியும். அங்கே முடியாவிட்டால் ஆசாரிப்பள்ளம். ஓ.பி. காலையில்தான், எட்டு மணிக்குச் சீட்டு வரிசையில் நின்றால் மதியத்துக்குள் மருந்தோடு திரும்பலாம். சீட்டு, மருத்துவர், மருந்து எதற்கும் காசில்லை.

போக்குவரத்துக்கு சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கும், மாற்றுத்திறனாளிக்கும் அவருக்குத் துணையாக ஒருவருக்கும் இலவசம். மேற்கே கடற்கரையிலிருந்து மார்த்தாண்டம் வந்து, அங்கிருந்து எக்ஸ்பிரஸில் ஏறிவிட்டால் டிக்கெட் உண்டு. உண்மையான செலவு ஒரு நாள் கூலிதான். அண்டி ஆபீஸில் லீவு சொல்லாமல் நின்றால் வேலையே போகலாம். ஆகவே மகளுக்கும் தாய்க்கும் ஒரே நாளில் பார்க்கும்படி தேதி வாங்குங்கள். கேட்டால் தருவார்கள், கேட்கத்தான் ஆள் வேண்டும்.

மருத்துவரிடம் அவரே பேசட்டும். நீங்கள் பேசினால், “கூட வந்தவங்க வெளியே நில்லுங்க” என்பார்கள். ஒரு சீட்டில் ஐந்து வரி எழுதிக் கொடுங்கள்: எத்தனை நாளாக உறக்கமில்லை, என்ன மருந்து சாப்பிடுகிறார், நெஞ்சடைப்பு எந்த நேரத்தில் வருகிறது, வீட்டில் என்ன நடந்தது, யார் துணை. இந்த ஐந்து வரி இல்லாததால்தான் அக்காவுக்கு ஓர் இடத்தில் மறுபடியும் இ.சி.ஜி. எழுதினார்கள். இன்னொரு மருத்துவமனையில், “உங்க ஆளுங்களுக்கு எல்லாம் நெஞ்சு வலிதான்” என்று ஒருவர் சொன்னதை நானே கேட்டேன். அப்படிப் பேச யாருக்கும் அனுமதி இல்லை. பால், மதம், சாதி, வர்க்கம், குறைபாடு எதையும் வைத்து மனநல சிகிச்சையில் பாகுபாடு காட்டக் கூடாது என்று அதே சட்டத்தின் பிரிவு 18 சொல்கிறது. தேதி, நேரம், சொன்ன வார்த்தை மூன்றையும் குறித்துவைத்து எழுத்தில் புகார் கொடுங்கள்.

இன்னொன்று. தனக்காக முடிவெடுக்க உதவுகிறவர் யார் என்பதை அவரே நியமிக்கலாம். வெள்ளைத் தாளில் எழுதி, கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டும்; நியமிக்கப்படுகிறவரும் எழுத்தில் சம்மதம் தர வேண்டும். ரத்த உறவாக இருக்க வேண்டியதில்லை. கணவர் வீட்டாரோடு தகராறு இருக்கும் பெண்களுக்கு இந்தத் தாள் பெரிய பாதுகாப்பு.

6. சான்றிதழ்களின் வரிசை

மகளின் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு முதலில் விண்ணப்பியுங்கள். யு.டி.ஐ.டி. என்பார்கள். ஆன்லைனிலோ, நாகர்கோவிலில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் மூலமாகவோ செய்யலாம், கட்டணம் இல்லை. அறிவுசார் குறைபாட்டுக்கு உளவியலாளரின் மதிப்பீடு வேண்டும். அதற்குத் தனித் தேதி தருவார்கள் என்பதால் இதைத் தள்ளிப்போட வேண்டாம். 2024 திருத்தத்தின்படி சான்று வழங்க மூன்று மாதம் அவகாசம். பெரும்பாலான உதவிகளுக்கு 40 சதவீதம் வேண்டும். மகளுக்கு 18 வயது ஆனதும் சட்டப்படிப் பாதுகாவலர் உத்தரவு தேவைப்படும். ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழு அதைத் தரும்.

தாயின் நிலைக்கு மூன்று பாதைகள் இருக்கின்றன. தவறான பாதையில் ஏறினால் வருடங்கள் போகும்.

இறப்புச் சான்று இருந்தால் வாரிசுச் சான்று தாசில்தாரிடம், ஆதரவற்ற விதவைச் சான்று ஆர்.டி.ஓ.விடம். இ-சேவை மையத்தில் ஒரு சான்றுக்கு 60 ரூபாய். விதவை உதவித்தொகை 2023இல் 1,200 ரூபாயாக உயர்ந்தது. தொகை அவ்வப்போது மாறும், மனு கொடுக்கும் நாளில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கணவர் விட்டுப் போயிருந்தால் கைவிடப்பட்ட பெண் சான்று. உதவித்தொகைக்கு வயது 30 ஆகியிருக்க வேண்டும். பிரிந்து ஐந்து ஆண்டாவது ஆகியிருக்க வேண்டும், அல்லது கோர்ட் ஆணை வேண்டும்.

காணாமல் போயிருந்தால் காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கைதான் எல்லாவற்றுக்கும் வேர். புகார் கொடுத்தவருக்கு அதன் நகல் இலவசம், அன்றே கேட்டு வாங்குங்கள். தேடுதலுக்குப் பிறகு, கண்டுபிடிக்க முடியவில்லை என்று போலீஸ் தரும் அறிக்கையையும் வாங்க வேண்டும். ஏழு ஆண்டு ஒருவரைப் பற்றித் தகவல் இல்லாவிட்டால் இறந்ததாகக் கொள்ளலாம் என்பது பொதுச் சட்டம். முன்பு சாட்சியச் சட்டம் 108ஆம் பிரிவு, இப்போது பாரதிய சாட்சிய சட்டம் 111ஆம் பிரிவு. அந்த ஏழு ஆண்டும் எண்ணப்பட வேண்டுமானால் புகார் பதிவாகி இருப்பது நல்லது. “திரும்பி வருவார்” என்று நம்பும் பெண்ணிடம் இதை எப்படிச் சொல்வது? நான் சொன்னது இவ்வளவுதான்: “அக்கா, இது தேடச் சொல்லிக் கொடுக்கிற மனு.” அதுவும் உண்மைதான். அவரை விதவை என்று எந்தப் படிவத்திலும் நீங்களாக எழுதிவிடாதீர்கள். பொய்யான தகவல் என்று பிறகு மனு நிற்கும். அதைவிட, அந்தச் சொல்லை அவர் அன்று தாங்க மாட்டார்.

7. அடைத்துக்கொண்டால்: இலவச சட்ட உதவி, திங்கட்கிழமை மனு

பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், பேரிடரில் பாதிக்கப்பட்டவர்கள் எல்லாருக்கும் வருமானம் பார்க்காமல் வக்கீல் உதவி உண்டு. நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. போன் 15100.

ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள். மனுவில் ஒரே ஒரு கோரிக்கை எழுதுங்கள். மூன்று கோரிக்கை என்றால் மூன்று மனு, இல்லையென்றால் முதல் துறைக்கு மட்டும் போய் மற்ற இரண்டும் அங்கேயே உறங்கும். ஆனால் ஒவ்வொரு மனுவின் முதல் பத்தியிலும் முழு நிலைமையையும் இரண்டு வரியில் சொல்லிவிடுங்கள்: கணவர் கடலில் காணவில்லை, மகளுக்குக் குறைபாடு, தனக்கு மனநல சிகிச்சை நடக்கிறது. கடைசி விஷயத்தை எழுத அவர் சம்மதிக்க வேண்டும். ரசீது எண்ணைக் கோப்பில் ஒட்டுங்கள். இரண்டு மாதம் பதில் இல்லையென்றால் 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமை மனு. 30 நாளில் பதில் தர வேண்டும்.

8. ஊருக்குள் நடப்பது

பங்குத்தந்தை, போதகர், ஊர்த் தலைவர் யாரையும் தாண்டி இங்கே வேலை நடக்காது, அவர்கள் உதவியும் பெரியது. ஆனால் யாரிடம் எதைச் சொல்லலாம் என்று அவரிடம் கேட்ட பிறகே சொல்லுங்கள். ஜெபக்கூட்டத்தில், “இந்தச் சகோதரியின் மனநோய் நீங்க” என்று மைக்கில் பெயர் சொல்லி ஜெபித்ததால் வீட்டைவிட்டு வெளியே வருவதை நிறுத்தியவர்களை எனக்குத் தெரியும். ஜெபிக்கட்டும், பெயர் வேண்டாம்.

குழுவாகப் பெண்களைக் கூட்டும்போது யார் வரவில்லை என்று பாருங்கள். கோவில் மண்டபத்தில் வைத்தால் வேறு மதத்தவர் வரமாட்டார்கள். ஒரு சாதித் தெருவில் வைத்தால் இன்னொரு தெரு வராது. மாடியில் வைத்தால் ஊன்றுகோலோடு நடக்கிறவர் வரமாட்டார். அங்கன்வாடியோ பள்ளிக்கூடமோ பொதுவாகச் சரிப்படும். பேச்சு தொடங்கியதும் நன்றாகப் பேசுகிறவரே எல்லாருக்கும் சேர்த்துப் பேசிவிடுவார். வாசல் பக்கம் உட்கார்ந்திருப்பவர் பக்கத்தில் போய் உட்காருங்கள்.

9. தொடர்ந்து பார்ப்பது

மன அழுத்தத்துக்கான மருந்து வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். முதல் வாரத்தில் தலைச்சுற்றலும் குமட்டலும் மட்டும் தெரிவதால் அப்போதுதான் பலர் நிறுத்திவிடுவார்கள். அந்த வாரம் கட்டாயம் ஒரு முறை வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். உறக்கம் வந்துவிட்டது என்று அவர்களாகவே மாத்திரையைப் பாதியாக உடைப்பதும் உண்டு. குறைப்பதையும் நிறுத்துவதையும் மருத்துவரிடம் கேட்டே செய்யச் சொல்லுங்கள்.

அடுத்து வரவேண்டிய தேதி ஓ.பி. சீட்டில் எழுதியிருக்கும். அதை உங்கள் போனில் ஏற்றிவைத்து, இரண்டு நாள் முன்னால் கூப்பிடுங்கள். லீவு சொல்லியாயிற்றா, பிள்ளையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேளுங்கள். அந்த அக்காவின் மகளை இப்போது அதே அண்டி ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பாட்டி வைத்துக்கொள்கிறார். மாதம் ஒரு நாள், காலை ஏழிலிருந்து மூன்று மணி வரை.